சுதாவுக்குக் கிடைத்த முடிவு

இன்று ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் சுதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னோடு படித்தவள். தீவில் தொலைந்துபோன தம்பியைத் தேடிப் போகும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை அவளுக்குக் காட்டியதே நான்தான்.

"முடிச்சிட்டேன்டி. கடைசியில அழுதுட்டேன்" என்றாள்.

நான் போன மாதமே முடித்துவிட்டேன். கலங்கரை விளக்கை ஏற்றினேன், தம்பியின் படகு கரைக்கு வந்தது, உடனே திரையில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. இதில் அழ என்ன இருக்கிறது?

"ஒனக்கு அந்த படகுக்காரர் வரலயா?"

"எந்த படகுக்காரரு?"

"மொதல்ல கரையில கிழிஞ்ச வலயோட ஒக்காந்திருப்பாரே. நான் அத தச்சு குடுத்தேன். அவருதான் தம்பிய கூட்டிட்டு வந்தாரு. வழியெல்லாம் என்னப் பத்தியே பேசுனாராம். தம்பி எறங்குனதும் ஒண்ணு சொன்னான் பாரு..."

அந்த மனிதரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த புதிருக்கு ஓடிவிட்டேன். நாம் செய்த சின்ன உதவியை விளையாட்டு கடைசிவரை ஞாபகம் வைத்திருந்தால், அதுதானே முடிவு! அது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

"தம்பி என்னடி சொன்னான்?"

"நீயே மறுபடி வெளையாடிப் பாரு" என்று சிரித்துக்கொண்டே கொட்டகலையில் இறங்கிவிட்டாள்.

இதைப் படிப்பவர்களில் அந்த விளையாட்டை விளையாடியவர்கள் யாராவது இருந்தால், தம்பி சொன்னதை இங்கே பின்னூட்டத்தில் எழுதிவிடாதீர்கள். சுதா பார்த்ததைவிட நல்ல முடிவு ஒன்று அதில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.