படத்துக்காக வந்த ஃபேன்

துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள ஒரு தொழிற்சாலையின் மகளிர் தினச் சுவரொட்டிக்குப் படமெடுக்கப் போயிருந்தேன். படகு வானொலிகளின் மின்சுற்றுப் பலகைகளில் பெண்கள் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமையாளர் படத்துக்கு ஓர் ஒல்லியான அக்காவைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் மூச்சை அடக்கி, பிறகு முகத்தைத் திருப்பி மூச்சுவிடுவது அக்காவின் பழக்கம்.

"என்ன பொறுமை பாருங்கோ," என்றார் முகாமையாளர்.

"பொறுமை இல்லை சேர், புகை," என்றார் அக்கா.

புகையால் படம் கெடும் என்றேன். முகாமையாளர் பதறிப்போனார். பெண்கள் மாதக்கணக்காகக் கேட்டும் வராத, புகை உறிஞ்சும் ஃபேன் அவருடைய அறையிலிருந்து உடனே வந்தது. அங்கே அது அவருடைய சிகரெட்டுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்ததாம். பெண்களின் நுரையீரலைவிட என் கமராவுக்குச் செல்வாக்கு அதிகம்.

படமெடுத்து முடித்து நானும் முகாமையாளரும் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது, அக்கா ஃபேனின் பிளக்கை வெட்டியெறிந்து, வயரை மேசையின் மின்பெட்டியோடு பற்றவைத்திருந்தார்.

"என்ன பிள்ளை இது? கழட்டுங்கோ!" என்றார், ஃபேனைத் தன் அறைக்குத் திரும்ப எடுக்கப்போன முகாமையாளர்.

"கழட்டலாம் சேர். ஆனா மேசைக்குக் கரண்டை நிப்பாட்ட வேணும். இண்டைக்கு அனுப்புற சாமானும் நிண்டுபோம். பரவாயில்லையோ?"

முகாமையாளர் அன்றைக்கு அனுப்பவிருந்த பெட்டிகளை ஒருதரம் பார்த்தார். பிறகு, தானே அன்பளிப்புச் செய்தவர்போல, "சரி, இருக்கட்டும்" என்றார்.

நான் புறப்படும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

"தம்பி, எங்கட கக்கூசுக்குக் கதவில்லை. அடுத்த வருசம் அதையும் ஒரு படம் எடுக்க வாங்கோ."

அவர் சிரிக்கவில்லை. அது பகிடியா, அழைப்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.