லென்ஸ் தண்ணி

கான்டாக்ட் லென்ஸை ஊறவைக்கிற கரைசலுக்கு எங்கள் வீட்டில் பெயர் ‘தண்ணி’. ஏற்கெனவே மூன்று தண்ணி இருந்தன: குடிக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி, சனிக்கிழமைகளில் நான் போடுகிற தண்ணி. நான்காவதற்குத் தனிப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மனைவிக்கு பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி இடிக்கிறதென்று லென்ஸுக்கு மாறினாள். காலையில் லென்ஸைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது, “டப்பாவுல தண்ணி மாத்தி வச்சிருங்க, மறந்திராதீங்க” என்பாள்.

நான் மறக்கவில்லை. அதுதான் வினை. புத்தகம் படிக்கிற ஆண்கள் வீட்டுக்கு உதவமாட்டார்கள் என்ற அவப்பெயரைத் துடைக்கிற வேகத்தில், டப்பாவைக் குளியலறைக் குழாயில் மூன்று முறை அலசி, விளிம்புவரை தண்ணீர் பிடித்து மூடிவைத்தேன். இரண்டு வாரம், ஒருநாள் விடாமல். அலமாரியில் இருந்த கரைசல் போத்தல், லென்ஸைத் துடைப்பதற்கு என்று நினைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவளுக்கு வலது கண் சிவந்தது. ஞாயிறன்று கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, பச்சைப் பீளை. ஆஸ்பத்திரியில் சேர்த்து மணிக்கொரு தரம் மருந்து விட்டார்கள். டாக்டர் தமிழர். லென்ஸ், டப்பா, போத்தல், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் சோதனைக்குக் கேட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், கொலை செய்தவன் தான்தான் என்று தெரியாத துப்பறிவாளனாக.

நான்கு நாளில் முடிவு வந்தது. டாக்டர் கட்டிலருகே நின்று சொன்னார்: “சொலூஷன் போத்தல் கிளீன். டப்பாவுலயும் பைப் தண்ணியிலயும் ஒரே கிருமி. யாரு பைப் தண்ணி ஊத்துனது?”

போத்தலுக்கும் டப்பாவுக்கும் நடுவே இருந்தது நான்தான். வாயைத் திறந்தேன்.

“நான்தான் டாக்டர்,” என்றாள் மனைவி.

“என்னம்மா நீங்க? இது கண்ணு லா, பூச்செடியா?”

அவர் திட்டி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் போனதும், “ஏன் அப்படிச் சொன்னே?” என்றேன்.

“உங்கள ஏசினா எனக்குக் கண்ணு வந்திருமா?”

வரவில்லை. கிருமி போயிற்று, கருவிழியின் நடுவில் தழும்பு நின்றுவிட்டது. தொழிற்சாலையில் அவளை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து, பெட்டி ஒட்டுகிற பிரிவில் போட்டார்கள். எப்படி நேர்ந்தது என்று எழுதிக் கேட்டார்கள். தன் கவனக்குறைவுதான் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்றாள் என்னிடம்.

ஒரு பிழையில்லாமல் எழுதி, அவள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.