ஏழு கிண்ணம் தண்ணீர்

ஏதென்ஸ் எத்தனையோ பேரைப் புதைத்திருக்கிறது. ஆனால் எங்கள் எவுத்தியாஸ் மாமாவைப் போல உயர்தரமாகச் செத்தவர் இந்தப் பூமியில் ஒருவருமில்லை. செத்தவர்களை அக்கரை சேர்க்கும் பாதாள நதியின் படகோட்டியே அவரைக் கண்டால் எழுந்து நிற்பான்.

ஸ்பார்ட்டாவோடு நடக்கும் போருக்கு என்னைவிட வயது அதிகம். மாமா அதில் போர்க்கப்பலில் துடுப்பு வலித்தவர். சிசிலித் தீவில் எங்கள் படை தோற்றபோது, பிடிபட்டவர்களைக் கல்குவாரிப் பள்ளத்தில் அடைத்தார்கள். எல்லோரும் செத்ததாகச் செய்தி வந்தது. மாமாவின் தம்பி வெறும் பாடையைத் தூக்கிக் காரியத்தை முடித்தார். இரண்டு வருஷம் கழித்து மாமா வாசலில் வந்து நின்றார்.

"உனக்குக் காரியம் பண்ணியாச்சுண்ணே. உள்ள வராதே," என்றார் தம்பி.

எங்கள் ஊர் வழக்கப்படி, காரியம் நடந்தவர் உயிரோடு திரும்பினால் மறுபடி பிறந்தாக வேண்டும். ஒரு பெண் அவரைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, மார்பில் சாய்த்துப் பெயர் வைக்க வேண்டும். அதுவரை கோயிலும் கிடையாது, யார் வீட்டு அடுப்பும் கிடையாது.

என் அம்மா நிக்காரெட்டி என் தலையில் தட்டியபடி முன்வந்தாள். "நான் பெத்துக்கறேன், வாங்கண்ணே. இவனையே பெத்தவ, உங்களைப் பெத்துக்க மாட்டேனா?"

மாமாதான் மறுத்தார். மயானச் சுவரோரக் குடிசையில் தினமும் உச்சி வெயிலில் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் அளந்து ஊற்றுவார். குவாரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம்தான். ஒன்றை மட்டும் குடிப்பார். மற்ற ஆறும் அங்கே செத்த கூட்டாளிகளுக்கு. மூன்றாவது என் அப்பாவுக்கு.

"அவங்க தாகத்தோட நிக்கறாங்கடா. நான் மட்டும் எப்படிப் பொறக்கறது?" என்பார், என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

நேற்று அவர் கண்ணயர்ந்த நேரம் ஆறு கிண்ணத்தையும் நானே குடித்தேன். மூன்றாவதைக் கடைசியில். பிறகு சுவருக்குப் பின்னால் ஒளிந்து அப்பா குரலில், "எவுத்தியாஸ்! எங்களுக்குத் தாகம் தீந்துடுச்சு. நீ போய்ப் பொறடா!" என்றேன்.

மாமா கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"செத்தவனுக்கு இப்பத்தான் குரல் உடையுதாடா?"

சுவரோடு ஒட்டிக் குந்தினேன்.

"உங்கப்பன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 'தவளை'ம்பான். சரி, அவன் பங்கை அவன் பிள்ளை குடிச்சா அவன் குடிச்ச மாதிரிதான். மூக்கை உறிஞ்சாம ஓடு. நம்ம அம்மாவை வெந்நீர் வைக்கச் சொல்லு, அண்ணே."