அத்தையின் பெயரில் பதிந்த வயல்

“ஏர் புடிக்காத கை எப்படிம்மா சாகுபடி பண்ணுன கையாவும்?”

பண்ணை ஏஜெண்டு எங்கள் அத்தையைப் பார்த்து இப்படிக் கேட்டது ஊர்ப் பள்ளிக்கூடத்தில், குத்தகைப் பதிவு விசாரணையின்போது, ஊரே கூடியிருந்த இடத்தில். அப்போது நான் பிறக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் சொல்லியும் அத்தையே சொல்லியும் அறிந்தேன். அத்தையின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் இளையவர்களுக்கு அந்தக் கேள்வியும் தெரியாது, அத்தை சொன்ன பதிலும் தெரியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அத்தை என் தந்தையாரின் மூத்த சகோதரி. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்தில் உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். தாராசுரம் பக்கம் மணம் முடித்துக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே கணவர் காய்ச்சலில் காலமானார். புகுந்த வீட்டார் மூலையில் உட்காரச் சொன்னார்கள். அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறிப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த மறுவருடமே தாத்தாவும் மறைந்தார். தாத்தா பண்ணையாரிடம் குத்தகைக்கு உழுதவர். அந்தக் குத்தகைக்குக் காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். அப்பனுக்குப் பின் மகன் என்பது வழக்கம். மகனோ, அதாவது என் அப்பா, அப்போது மாட்டுக்குப் புல் பிடுங்கும் வயதில் இருந்தார். அத்தை பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று, “தம்பி வளர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேங்க” என்று கேட்டு வாங்கி வந்தார்.

தம்பி வளர்ந்தார். கும்பகோணத்தில் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். வயலை அத்தைதான் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். நாற்றங்கால், நடவு, தண்ணீர் கட்டுவது, களத்தில் நெல் தூற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. உழவுக்கு மட்டும் காளியன் என்பவரைக் கூப்பிடுவார். வரப்பில் நின்று அத்தை போடும் சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்கும் என்பார்கள். அது மிகையல்ல, நானே கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு காரியத்தில் அத்தை ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார். சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊர் ஆண்கள் சேர்ந்து முதல் உழவு உழுவார்கள். அதற்கு நல்லேர் பூட்டுவது என்று பெயர். கணவனை இழந்த பெண் அந்த நேரத்தில் எதிரே வரக்கூடாது. ஆகவே அத்தை வீட்டுக்குள் இருந்துகொண்டு, தம்பியைக் குளிக்க வைத்து, நெற்றியில் விபூதி இட்டு, ஏரின் கைப்பிடியான மேழியைத் தொட்டுவிட்டு வரும்படி அனுப்புவார். ஆலைக்குப் போன பிறகும் அந்த ஒரு நாள் அப்பா விடுப்பு எடுத்து வந்து மேழியைத் தொட்டுவிட்டுப் போவார். வருடந்தோறும் ஊர் பார்த்தது அதைத்தான். அதுவே பின்னால் அத்தையின் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

ஆட்சி மாறியிருந்த காலம். உழுகிறவர்களின் பெயரைக் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏஜெண்டு கணக்குப் போட்டார். நல்லேர் பிடித்தவர் தம்பி. அதனால் சாகுபடிக்காரர் தம்பி. அவரோ ஊரை விட்டுப் போய்விட்டார். அவர் விட்டுக்கொடுத்ததாக ஒரு வார்த்தை சொன்னால் நிலம் பண்ணைக்கே திரும்பிவிடும். இதற்காக ஏஜெண்டு கும்பகோணம் வரை போய் அப்பாவைப் பார்த்தார். பண்ணையின் நெல் மண்டியில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செய்தி அத்தையின் காதுக்கு வந்தது. தம்பி சம்மதித்துவிட்டால் தமக்கு இந்த ஊரில் காலூன்ற ஒரு சாண் வயல் இல்லை என்பது அத்தைக்குத் தெரியும். ஆனாலும் தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை. “அவனாவே சொல்லணும். நான் சொல்லிக்குடுத்து அவன் சொன்னா அதுல என்ன இருக்கு?” என்றாராம்.

ஊரிலும் அத்தைக்கு ஆதரவு குறைந்திருந்த நேரம் அது. அதற்கு முந்தைய அறுவடையில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். பண்ணையில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். குத்தகைக்காரர்களும் பண்ணையார் பக்கம் நின்றார்கள். அத்தை மட்டும் கேட்ட கூலியைக் கொடுத்து அறுத்து முடித்தார். “கதிரு சாஞ்சு கெடக்கு, மழ திரண்டு நிக்குது. இதுல என்ன கௌரவம் வேண்டிக் கெடக்கு?” என்பது அவர் நியாயம். அதற்குப் பிறகு மற்றக் குத்தகைக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

விசாரணை நாளில் ஏஜெண்டு அந்தக் கேள்வியைக் கேட்டதும் அத்தை எழுந்து நின்றார்.

“ஏங்க ஏஜெண்டு ஐயா, பண்ணையார் கை எந்த ஏரப் புடிச்சுது? நெலம் மட்டும் அவரு பேர்ல இருக்கே, அது எப்படிங்க?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விசாரிக்க வந்த அதிகாரி சிரிக்கவில்லை. “பேச்செல்லாம் சரிம்மா. உங்க பக்கம் சாட்சி யாரு?” என்றார்.

குத்தகைக்காரர்கள் ஒருவரும் எழவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்த காளியனின் மனைவி அஞ்சலை அம்மாதான் உள்ளே வந்தார்.

“ஏர் ஓட்டுனது எம் புருசங்க. நட்டது நாங்க. ஏருக்கு வா, நடவுக்கு வான்னு எங்க தெரு வரைக்கும் வந்து கூப்புட்டது இந்த அம்மா. ஒரு ஆம்பள வந்து கூப்புட்டதில்லீங்க.”

“ஏ அஞ்சல, நாளைக்குப் பண்ணையில வேல வேணாமா ஒனக்கு?” என்றார் ஏஜெண்டு.

“இப்ப மட்டும் குடுத்துக் கிழிக்கிறீங்களாக்கும்! அதான் வெளியூர் ஆள எறக்கிட்டீங்களே!”

அதிகாரி கையமர்த்திவிட்டு அப்பாவை அழைத்தார். அப்பா காலை பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

“நீதானப்பா நல்லேர் புடிப்ப? நெலத்த விட்டுக்குடுக்கறியா?”

“அக்கா போய்த் தொட்டுட்டு வாடான்னுச்சு, தொட்டேங்க. சாகுபடி அக்காவோடது. விட்டுக்குடுக்க நான் யாருங்க? எங்கிட்ட இருந்தாத்தானே விட்டுக்குடுக்க?”

அன்று மாலைக்குள் வயல் அத்தையின் பெயரில் பதிந்தது. அதுவரை கொல்லைப்புறத்தில் நின்று சோறு வாங்கிப் போன அஞ்சலை அம்மாவை அத்தை அன்று கூடத்துக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட வைத்தார். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அத்தைக்குக் காது கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் அத்தை வீட்டுக்குள் இருக்கவில்லை. ஊர் ஏர்களோடு தம் ஏரையும் கொண்டுபோய்த் தாமே மேழியைப் பிடித்தார். “அமுக்கிப் புடிங்கம்மா, மாடு இழுத்துட்டுப் போயி வாய்க்கால்ல தள்ளிரும்” என்று காளியன் பயந்தாராம். “தள்ளட்டும் காளியா, இன்னும் குளிக்கலதான்” என்று பதில் வந்ததாம். சிலர் தங்கள் ஏரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டும் அவர்கள் வயல் விளைந்தது, அத்தையின் வயலும் விளைந்தது. பேச்சு அதோடு ஓய்ந்தது.

எங்கள் குடும்பப் பெண்களில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என்னைக் கல்லூரி வரை அனுப்பியவர் அத்தை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, கும்பகோணத்தில் எங்களோடு வந்து இருக்கும்படி பலமுறை அழைத்தார். “ஒங்க ஊர்ல கொழாத் தண்ணி வருது, வாய்க்காத் தண்ணி வருதா?” என்று கேட்டு அத்தை அவர் வாயை அடைத்துவிடுவார். விடுமுறைகளில் நான்தான் அத்தையிடம் போய் இருந்தேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டேன். கடைசி இரண்டு போகம் அவரோடு சேர்ந்து சாகுபடி செய்தேன். படுக்கையில் விழுந்த பிறகும் காலையில் முதல் கேள்வி மடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்பதாகவே இருந்தது. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், தம் வீட்டில், தம் கட்டிலில் அத்தை இயற்கை எய்தினார்.

அத்தையை உடனிருந்து கவனித்த அஞ்சலை அம்மாவுக்கும் அவர் மகள்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த மருத்துவருக்கும், பந்தல் முதல் பந்தி வரை பொறுப்பேற்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அன்று அவரோடு பேசாமலிருந்த குத்தகைக்காரர்களின் பிள்ளைகள்தாம் அத்தையைத் தோளில் சுமந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

பண்ணையாரின் பேரன்களும் துக்கம் கேட்டு வந்தார்கள். அதற்கும் நன்றி. போகும்போது, இனிச் சாகுபடிக்கு ஆள் இல்லையே, நிலத்தை ஒப்படைத்துவிடலாமே என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். என் அண்ணன் சிங்கப்பூரில் இருப்பதால் உறவினர்கள் சிலரும் அதையே சொல்கிறார்கள். எல்லாருக்கும் இங்கேயே தெரிவித்துவிடுகிறேன். குத்தகையை என் பெயருக்கு மாற்றும்படி தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அப்பாவும் உடன் வந்தார்.

திதி முடிந்து சாப்பிட்ட பிறகு வாய்க்கால் பக்கம் போகிறவர்கள் வரப்பிலேயே நடக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்றங்காலில் விதை விட்டிருக்கிறேன்.