கிளம்பாத புல்லு வண்டி

போன மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் சாம்பார் விழுந்த நேரத்தில் கரண்ட் போனது. மண்டபத்துக்குப் பின்னால் யாரோ ஜெனரேட்டரைக் கிளப்பப் பார்த்தார்கள். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. ஜன்னல் வழியாக டீசல் வாசனை உள்ளே வந்தது. மற்றவர்கள் செல்போன் வெளிச்சத்தில் நிம்மதியாக அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் இன்ஜின் கிளம்பாமல் முக்குவதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. "எழுந்தா இலைய எடுத்துடுவாங்க" என்றாள் மனைவி. எழுந்தேன், எடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பாயசம் இல்லை எனக்கு.

இந்த இருப்புக்கொள்ளாத வியாதி முதல் வேலையில் ஒட்டிக்கொண்டது என்று நான் சொல்லிக்கொள்வேன். அம்மாவைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே என்பாள். தாமல் போகிற வழியில் ஒரு கல்லூரி, அங்கே நான் ஸ்டோர் கீப்பர். பெயர்தான் பெரிது. விளக்குமாறு, பினாயில், பல்பு இவற்றுக்குக் காவல். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற டீசல் வண்டி ஒன்று, மைதானத்துப் புல் வெட்டுவதற்கு. அப்போதே அது கிழடு. எங்களுக்கெல்லாம் அது புல்லு வண்டி. ஓட்டுகிறவர் ஏகாம்பரம் அண்ணன். அவர் மனைவி கஸ்தூரியக்கா அங்கேயே பெருக்குகிற வேலை. ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருவரும் குடியிருந்தார்கள். வண்டி ஓடுகிறவரை அவருக்கு வேலை, வேலை இருக்கிறவரை அந்த அறை.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார் அண்ணன். எல்லோருக்கும் பொரி கடலை. வண்டி மைதானத்தில் ஒரு சுற்றுப் போனது. நடு மைதானத்தில் நின்றுவிட்டது. வண்டிக்கும் லீவு வேண்டாமா என்று சிரித்தபடி தள்ளிக்கொண்டு வந்தோம். மறுநாளும் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாள் சிரிப்பு போய்விட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்து, புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை தாளாளர் ஷெட் வாசலில் வந்து நின்றார். "திங்கக்கெழம டிரஸ்ட்காரங்க மைதானத்தப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள புல்லு வெட்டலன்னா மெட்ராஸ்லருந்து காண்ட்ராக்ட்காரன வரச் சொல்லிடுவேன். அப்புறம் வண்டியும் வேணாம், ஓட்டறவரும் வேணாம்."

கஸ்தூரியக்கா விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பி அந்த அறையைப் பார்த்தார்.

காலேஜ் பஸ்ஸின் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினோம். இன்ஜின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. அண்ணன் சைலன்சரையே முறைத்தார். "பொகையே வரல தம்பி. அப்ப உள்ள டீசல் போவல." டேங்க் மூடியைத் திருகினார். ஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. உள்ளே டீசல் பாதிக்கு மேல் இருந்தது. ஸ்டோரிலிருந்து புது ஃபில்டர் கொண்டுவந்து கொடுத்தேன். ஏர் புகுந்திருக்கும் என்று பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை போகிறவரை டீசலை வழியவிட்டு இறுக்கினார். சாவியைத் திருப்பியதும் படபடவென்று பிடித்துக்கொண்டது! அண்ணன் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டேங்க்கை மூடினார். அக்கா டீ போட ஓடினார். தண்ணீர் கொதிப்பதற்குள் வண்டி நின்றது.

மறுபடி மூடியைத் திறந்தார், மறுபடி ஏர் எடுத்தார். ஓடியது, நின்றது. நான் விடுவேனா? நாசிலைப் பாருங்கள், பம்ப்பைப் பாருங்கள், ஒயரைப் பாருங்கள் என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இதில் ஒன்றைப் பற்றியும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"செத்த சொம்மா இரு தம்பி. நீ இப்பிடி அலஞ்சிக்கினு இருந்தா எனக்குக் கை ஓடல."

கையில் எதையாவது வைத்துத் திருகாவிட்டால் எனக்கு உயிர் போய்விடும். தரையில் கிடந்த டேங்க் மூடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்தேன். அண்ணன் ஏர் எடுத்துக் கிளப்பினார். நான் நடந்தேன். டீ வந்தது, குடித்தோம், அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"மூடியக் குடுபா, தூசி உழும்."

வாங்கி மூடினார். கொஞ்ச நேரத்தில் முக்கி, இருமி, நின்றது.

மூன்று பேரும் அந்த மூடியைப் பார்த்தோம். அதன் நடுவில் பட்டையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து ஓடாக இருந்தது. வண்டிக்கு நெற்றி எது என்று அன்றைக்கு அண்ணன் யோசித்திருக்கிறார். முன்னால் உயரமாக இருந்தது இந்த மூடிதான். அதில் ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று இறங்க வேண்டும், இல்லாவிட்டால் டீசல் இன்ஜினுக்குப் போகாது. பூஜைக்கு வைத்த பொட்டு தானாக உதிர்கிறவரை யார் தொடுவார்கள்? ஃபில்டர் மாற்றுகிறபோது மூடியைத் துணியால் துடைத்தவர்கூடப் பொட்டைச் சுற்றித்தான் துடைத்திருந்தார்.

"ஏன்யா, நெத்தின்னு நெனச்சி மூக்குல வச்சிருக்கியே" என்றார் அக்கா. "மூக்க அடச்சிட்டு மூச்சு உடுன்னா அது எப்பிடி உடும்?"

அப்போதும் பொட்டை அழிக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. அக்காதான் தாலிச்சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துப் பொட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்தினார். வண்டி அதன்பிறகு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பச்சைப் புல் வாசனையும் டீசல் புகையுமாக அவர் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமை வந்த பெரிய மனிதர்கள் புல்லைப் பார்க்கவே இல்லை. கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டார்கள்.

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் அன்று ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்விட்டேன். மைதானத்தைக் காணோம். பாதியில் ஐந்து மாடிக் கட்டடம், மீதியில் சிமெண்டுக் கல் பதித்து வரிசையாகக் கார்கள். ஷெட் இருந்த இடம் தெரியவில்லை. அந்த ஒற்றை அறை மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றது. அதன் கொடியில் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு கார்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, கல் இடுக்கில் முளைத்த புல்லைக் கையால் கிள்ளிக்கொண்டிருந்தார் ஏகாம்பரம் அண்ணன். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வண்டி எங்கண்ணா?"

"அத எப்பவோ எடைக்குப் போட்டாங்க தம்பி. இந்தப் புல்லுக்கு வண்டி எதுக்கு?"

சும்மா நிற்கத் தெரியாதே எனக்கு. பக்கத்தில் குந்தி, ஒரு கொத்தைப் பிடித்து வேரோடு இழுத்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்ய, வேர உடு தம்பி. அதுவும் போச்சின்னா எனக்கு இங்க இன்னா வேல?"