காகித வீட்டின் கதவு

மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலை பஸ்ஸில் தினமும் எனக்குப் பக்கத்து இருக்கையில், வாழ்த்து அட்டைகள் செய்யும் ஓர் அக்கா. மடியிலுள்ள பிஸ்கட் டின்னில் ரப்பர் முத்திரைகள், மை, பசை. எந்த முத்திரையையும் முதலில் தன் மணிக்கட்டில்தான் குத்திப் பார்ப்பார். அதனால் அங்கே எப்போதும் ஒரு மங்கிய மயிலோ பூவோ இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் செய்த வாழ்த்து அட்டையைத் திறந்தேன். உள்ளிருந்து ஒரு காகித வீடு எழுந்து நின்றது. சுவரெல்லாம் பூ முத்திரை.

“யாருக்குக்கா?”

“மருமகளுக்குத்தான் லா. வாசல மிதிக்காதேன்னு கத்தினது நான்தான். இப்ப தீபாவளி விருந்துக்கு, ஓப்பன் ஹவுசுக்கு ஊரையே கூப்பிடுறேன், அவளக் கூப்பிட வாய் வரல.”

“கதவு திறக்கலையேக்கா.”

பதறிப்போய் வாங்கினார். பசை அதிகமாகிக் கதவு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறிப் பிரித்தபோது ஓரம் கொஞ்சம் கிழிந்தது.

தீபாவளிக்குப் பிறகு, மருமகள் வந்தாளா என்று நான் கேட்கவே இல்லை. அன்று இறங்கும்வரை அவர் அந்தக் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்.