ஊறுகாய்ப் பரணியில் கட்டிய சிவப்புத் துணி

என் ஆயுளில் நான் ஒரே ஒரு தடவைதான் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். அதுவும் அதைக் கையால் தொடாமல், அடுக்களையில் உட்கார்ந்து சாளை மீன் அறுத்துக்கொண்டிருக்கும்போது. எங்கள் வீட்டு ஆண்கள் நாற்பது வருஷம் வேட்டைக்குப் போனவர்கள், அவர்களில் ஒருவருக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மூன்றாம் வகுப்புப் பாதியில் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதனால் மெதுவாகத்தான் சொல்லுவேன்.

நான் கொட்டாரம் என்கிற ஊர்க்காரி. வீட்டைச் சுற்றி வயல், வருஷம் முழுவதும் நெல்லுச் சோறு. என்னைக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறு தாண்டி ஐந்தாறு வருஷம் இருக்கும், இங்கிலீஷ் கணக்கில் 1930 வாக்கில். அங்கே வாரத்தில் நாலு நாள் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. இந்தச் சனங்களுக்கு நான்தான் சுத்தத்தையும் முறையையும் பழக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு பண்ணிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மரச்சீனித் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து கிழங்கைத் தோண்டித் தின்னும். பயிர்க் காவலுக்கென்று சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி மாமனார் ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அங்கே அதைத் தோக்கு என்பார்கள். குழல் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தென்னந்தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயச் சில்லைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்னக் கேப்பு. விசையை இழுத்தால் கேப்பு பொட்டி, அதாவது வெடித்து, மருந்தில் நெருப்புப் பிடிக்கும். இப்படி ஒரு தடவை கெட்டித்துவிட்டால் திரும்ப வெளியே எடுப்பது பெரும்பாடு, சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். பன்றி வராத நாளில் மருந்தை வீணாக்குவானேன் என்று கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, குழலின் வாயில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். துணி இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது, இல்லையென்றால் வெறுங்குழல். சாரல் ஈரத்தில் மருந்து நமத்துப்போகாமல் இருக்க, தொங்கவிட்ட இடம் அடுக்களைச் சுவர். கெட்டித்த துப்பாக்கியின் கீழே இரண்டு வருஷம் நான் மீன் பொரித்திருக்கிறேன். அப்போது அந்தத் துணியின் அழுக்குத்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

துணியின் விஷயத்தை மாமனார் எனக்குச் சொல்லாமல் இல்லை. கல்யாணமான வாரத்திலேயே சுவரைக் காட்டிச் சொன்னார்.

"மக்களே, ஞாபகத்த நம்பப்பிடாது. துணியத்தான் நம்பணும். கேட்டியா?"

"கேட்டேன் மாமா" என்றேன். கேட்கத்தான் செய்தேன். மலையடிவாரத்துக்காரர்கள் கொட்டாரத்துக்காரிக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற நினைப்பில் அது காதோடு நின்றுவிட்டது.

ஒரு ஆனி மாதம். மறுநாள் ஆராதனைக்கு வருகிற உபதேசியாருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அடுக்களையைத் தேய்த்துக் கழுவினேன். கரியும் பிசுக்கும் பிடித்து அந்தத் துணி தொங்குவதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவிழ்த்தேன். துவைத்து உடனே கட்டிவிடலாம் என்றுதான் அவிழ்த்தேன், அதைக் கர்த்தர் அறிவார். சாம்பல் போட்டு ஊறவைத்து, கல்லில் நாலு அடி அடித்து, செம்பருத்திச் செடிமேல் காயப்போட்டேன். காய்ந்து வந்தபோது அது நல்ல முரட்டுத் துணி, நிறமும் கண்ணைப் பறித்தது. அந்நேரம் நார்த்தங்காய் ஊறுகாய் போட்ட பீங்கான் பரணியின் வாய் மூடாமல் கிடந்தது. கட்டினேன். பொருத்தமாக இருந்தது. உபதேசியாரும் பரணியைப் பார்த்து, "கொட்டாரத்துப் பிள்ளைக்க கை சுத்தம்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் துப்பாக்கியை நான் அடியோடு மறந்துபோனேன்.

ஒரு வாரம் போயிற்று. சனிக்கிழமை காலை, சாரல் விட்டு வெயில் அடித்தது. வேட்டைக்குப் போகலாம் என்று என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். வேட்டைக் கூட்டத்தில் குறி தப்பாதவன் அவன்தான். மழைக்காலத்தில் வெறுங்குழலில் ஒரு கேப்பை வைத்துப் பொட்டித்துப் பார்ப்பது வழக்கம். பின்பக்கத் துவாரத்தில் ஈரம் இருந்தால் போய்விடும். குழலின் வாயைப் பார்த்தான், துணி இல்லை. மாமனார் சொன்னபடி ஞாபகத்தை விட்டுத் துணியை நம்பினான். முறைப்படி குழலை ஆகாயத்துக்குத் தூக்கினான். கேப்பை வைத்தான், விசையை இழுத்தான்.

அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த சாளை எங்கே போயிற்று என்று சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால், முற்றத்தோரத்துப் பனையின் தலையில் இரண்டு கலயம் நொறுங்கி, பதநீர் கொட்டிக்கொண்டிருந்தது. அடியில் உட்கார்ந்து வெட்டுகத்தி தீட்டிக்கொண்டிருந்த மாமனார் தலையிலிருந்து தாடி வரை நனைந்து, நாக்கை நீட்டி உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தம் இல்லை, இனிப்புத்தான் என்று நிச்சயமான பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. பனையேறி சற்றுமுன்தான் அந்தப் பனையிலிருந்து இறங்கி அடுத்த பனைக்குக் காலை வைத்திருந்தார். அவர் திரும்பி வந்து உச்சியைப் பார்த்தார். பிறகு பனைமூட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஏலே! போன தடவ கெட்டிச்சு வச்சது யாரு?" என்று மாமனார் கத்தினார்.

"நான்தான் அப்பா."

"துணி எங்கல?"

கொழுந்தன் குழலைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். "கெட்டினேன்னு தோணுகு" என்றான்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவளா நான்? யாரும் கேட்காமலே முன்னால் வந்து நின்றேன். "தோணுகாம்லா! மாமா, இப்பிடிக் கவனமில்லாத கையில தோக்கக் குடுத்தா நாளைக்கு யாருக்க தல போகும்? இனி காட்டுக்கு வந்தா தகரம் தட்டட்டும்!"

தகரம் தட்டுவது என்றால், பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிப் புதரிலிருந்து பன்றியைக் கலைக்கிற வேலை. துப்பாக்கி பிடித்தவனுக்கு அது பெரிய இறக்கம்.

"பிள்ள சொல்லுகது நியாயம்" என்றார் மாமனார். "முற்றத்தில வெடிக்க வச்சவன் எவனானாலும் தகரந்தான். இனி நீ தோக்கத் தொடாத."

நியாயம் வழங்கிய நடையோடு நான் அடுக்களைக்குத் திரும்பினேன். ஊறுகாய்ப் பரணி சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். வாசலுக்கும் எனக்கும் பத்து அடி இருக்காது. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பரணியைத் தூக்கி, நெல்லுக் கொட்டிவைக்கிற குலுக்கைக்குள் இறக்கிவிட்டேன்.

அதிலிருந்து இரண்டு வாரம் வீட்டில் ஊறுகாய் இல்லை. "ஏட்டி, நார்த்தங்கா எங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "பூசணம் பூத்துப் போச்சு" என்றேன். "உனக்க கை பட்டது பூக்குமா? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே!" என்றார். அதற்கும் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஊறுகாய் போனால் போகட்டும். கொழுந்தனைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. தகரம் தட்டச் சொன்னதுகூட அவனுக்குப் பெரிதில்லை. தன் கையின்மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. மாட்டுத் தொழுத்துக் கதவைச் சாத்திவிட்டு நாலு எட்டு நடப்பான், திரும்பிப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பான். மறுபடியும் நடப்பான், மறுபடியும் திரும்புவான். கிணற்றுக் கயிற்றுக்கும் அப்படியே. ஒரு நாள் கஞ்சி குடிக்கிறபோது என்னிடம் கேட்டான்.

"மைனி, செய்யாத காரியத்தச் செஞ்சதா மனசு சொல்லுமா? நான் துணியக் கெட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு முடிச்சு. ஆனா துணி இல்லியே. அப்ப எனக்கு மூள பெசகுதா?"

"கஞ்சியக் குடியும்" என்றேன்.

இரண்டு வாரம் கழிந்து ஒரு சனிக்கிழமை காலையில் வேட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முற்றத்தில் கூடினார்கள். புறப்படுவதற்குமுன் மாமனார் ஜெபம் பண்ணாமல் போகமாட்டார். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். கொழுந்தன் கையில் தகரம். நான் முக்காடு போட்டு அடுக்களை வாசலில் நின்றேன்.

"ஆண்டவரே, கவனமில்லாத என் மகனுடைய கைக்குக் கவனத்தைத் தாரும்" என்று மாமனார் ஜெபித்தார். எல்லாருக்கும் முந்தி, எல்லாரையும்விடச் சத்தமாக, "ஆமென்" என்றான் கொழுந்தன். மெய்யாகவே கேட்கிறான்! துணியை அவிழ்த்த என் கை இங்கே சும்மா இருக்கிறது, அவன் தன் கைக்காகக் கெஞ்சுகிறான்.

குலுக்கைக்குள் பாதி உடம்பை விட்டுப் பரணியை எடுத்தேன். முற்றத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

"மாமா, துணி இன்னா இருக்கு. நான்தான் அவுத்துத் துவச்சேன். கொழுந்தன் கெட்டத்தான் செஞ்சாரு. ரெண்டு முடிச்சு."

ஒரு ஈ பரணியைச் சுற்றியது. வீட்டுக்காரர் பரணியைப் பார்த்தார். "ஏட்டி, இதுதான் பூத்துப்போன நார்த்தங்காயா?" என்றார். கூட்டத்தில் யாரோ கக்கென்று சிரித்தார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை. குனிந்து துணியைத் தொட்டான்.

"ரெண்டு முடிச்சுதானே மைனி?"

"ரெண்டுதான். அவுக்கதுக்கு என் நகம் பேந்துபோச்சு."

அவன் விட்ட மூச்சு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. தகரத்தை என் காலடியில் மெதுவாக வைத்தான்.

மாமனார் ஈரத் தாடியைப் பிழிகிறவர்போல காய்ந்த தாடியை உருவிவிட்டார். "எனக்கும் இதில பங்கு உண்டு. துணிய நம்புன்னு சொன்னவன் நான்தானே. இனி துணி இருந்தாலும் இல்லாட்டாலும், கம்பிய விட்டு அளந்து பாக்காம ஒருத்தனும் கேப்பு வைக்கப்பிடாது. தோக்கு அடுக்களையில தொங்கவும் பிடாது." பிறகு என்னைப் பார்த்தார். "மக்களே, சட்டம் நீ சொன்னதுதான்."

"சொன்னேன் மாமா" என்று தகரத்தை எடுத்தேன்.

துப்பாக்கிக்குக் குறுக்கே வராதபடி, ஆண்கள் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு பாறைமேல் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். கீழே பெண்கள் வேலியோரம் வந்து கூடிவிட்டார்கள். "கொட்டாரத்து மகாராணி தகரம் தட்டுகா, வாங்கட்டி!" கொட்டாரத்துக்காரி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். முழு மூச்சாகத் தட்டினேன். அந்த மலையிலிருந்த பன்றிகள் ஒன்றுவிடாமல் எதிர்த்திசையில் மேலேறிப் போய்விட்டன. பத்து நாளைக்கு ஒன்றும் தோட்டத்துப் பக்கம் இறங்கவில்லை. வேட்டையாக வைத்துப் பார்த்தால் அது தோல்வி. மரச்சீனி என்ன நினைத்ததோ தெரியாது.

மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினோம். துப்பாக்கி கொழுந்தன் தோளில் வந்தது, கெட்டித்தபடியே. கேப்பைக் கழற்றினான். பரணியிலிருந்த துணியை என்னிடம் வாங்கி, நான் பார்க்கும்படி குழலின் வாயில் இரண்டு முடிச்சுப் போட்டான். ஆண்கள் படுக்கிற அறையில் உயரத்தில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் திரும்பி வந்து முடிச்சைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த அறையில் ரொம்ப நாள் நார்த்தங்காய் மணம் அடித்தது. துணியில் மறுபடியும் கரியும் எண்ணெயும் ஏறி அது பழைய நிறத்துக்கே வந்தது. அதன்பிறகு எத்தனையோ தடவை உபதேசியார் சாப்பிட வந்திருக்கிறார். நான் அதைத் துவைக்கவே இல்லை.